வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும் நாடகத் தமிழும்

தமிழ் இயல், இசை, நாடகம் என மூன்று பகுதிகளையுடையது என்பது நம் மாணவர் யாவரும் சிறு பருவத்திலேயே கேட்டறிந்த செய்தியாகும். ஆயினும், இயற்றமிழ் நூல்கள் யாவை என்று எவரேனும் வினவினால் விரல் மடித்து எண்ணத் தொடங்கும் நாம், நாடகத் தமிழ் நூல்கள் யாவை என்று வினவினால் சிறிது நேரம் வாளா இருக்கின்றோம். முத்தமிழ் என்னும் சொல் நம் நாவில் நிலைத்திருக்க, மூன்றாவது தமிழ் நம் கையினின்றும் நழுவியது எங்ஙனம்? அதனை மீட்க முயன்றார் எவரேனும் உளரோ? உளர் என்பதே யாம் ஈண்டுக் கூறப் புகுவது. அவர் முப்பத்து மூன்றே ஆண்டுகள் வாழ்ந்தவர். தம் ஊரை விட்டு, தாம் பயின்ற கலாசாலையை விட்டு, சென்னையிலிருந்த ஒரு மிஷன் கலாசாலைக்கு மாறிச் சென்று பயின்றவர். அம்மாற்றத்தின் பயனாகவே நாடகத் தமிழுக்கு இலக்கணம் வகுத்தவர். அவரே பரிதிமாற் கலைஞர் என்று நாடு போற்றும் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியார் ஆவர்.

சோழபுரம், இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய எம் பக்கத்து ஊர்களிலிருந்து ஆண்டுதோறும் மாணவர் பலர் வெளியூர்க் கலாசாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்கள் கூத்தும் நாடகமும் அறியாதவர் அல்லர். ஸ்ரீவில்லிபுத்தூர்த் திருக்கோயிலில் அரையர் தாளங்கையில் கொண்டு பாசுரம் பாடி, அதன் பொருளை அபிநயத்தால் காட்டும் சேவையும், முத்துக்குறி என்னும் நிகழ்ச்சியும் வழிவழியாக வருவன. ஊர்த் திருவிழாக்களில் விடியுமளவும் நாடகம் பார்த்துக் கண்சிவந்த இளைஞர் எத்துணையோ பேர். எனினும், அவருள் ஒருவன் தன் தந்தையாரிடம் சென்று, நாடகம் கற்பதற்காகக் கலாசாலை மாறப் போகின்றேன் என்று கூறுவானாயின், அவ்வீட்டில் அன்று அடுப்பெரிதல் அரிதேயாகும். பார்த்து மகிழ்வதற்கு உரியது நாடகம். படிப்பதற்கு உரியதன்று என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் பிழைபட்டது என்பதைச் சொல்லால் மட்டுமன்றித் தம் வாழ்க்கையாலும் காட்டியவர் சாஸ்திரியார். ஆதலின் அவர் வரலாறு நம் மாணவர்க்கும், மாணவரைப் பெற்றோர்க்கும் ஒருங்கே பயன்படுவதாகும்.

மதுரைக்குத் தென்மேற்கே, திருப்பரங்குன்றத்தை அடுத்துள்ளது விளாச்சேரி என்னும் சிற்றூர். அவ்வூரில் கோவிந்த சிவனார் என்பவருக்கும் இலட்சுமி அம்மையாருக்கும் மூன்றாம் மகனாக, கி. பி. 1870-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6-ஆம் நாள் சூரியநாராயணர் தோன்றினார். அந்தணர் குடியில் பிறந்தவராதலின் வடமொழியைத் தந்தையாரிடமே பயின்றார். தமிழை மதுரை மகாவித்துவான் சபாபதி முதலியாரிடம் பாடங்கேட்டார். ஆங்கிலக் கல்வியோ, பசுமலையில் அமெரிக்க மிஷனார் நடாத்திய பள்ளியில் அவருக்குக் கிட்டியது. இங்ஙனம் மூன்று மொழிகளும் மூன்று வாயில்களின் வழியே இளமையிலேயே அவர் உள்ளத்துட் புகுந்தன. இவற்றுள் ஒன்றேனும் பிறிதொன்றைப் பகைத்ததாக அவர் கருதினாரல்லர். வடமொழி வல்லார் தமிழை எளிதாக எண்ணுதலும், ஆங்கிலம் கற்றார் இரண்டனையும் இகழ்தலும் மலிந்திருந்த அக்காலத்தில் இது சிறிய செய்தியன்று.

பின்னர் மதுரையிலேயே எப். ஏ. வகுப்பில் பயின்று முதன்மையாகத் தேறினார். அக்காலத்தில் எப். ஏ. தேர்ச்சி என்பது ஓர் இளைஞனுக்கு அரசாங்க அலுவலகக் கதவுகளைத் திறந்துவிடும் திறவுகோலாக இருந்தது. தாலுகாக் கச்சேரியிலோ ஜில்லாக் கோர்ட்டிலோ ஒரு நாற்காலியில் அமர்ந்து, மாதந்தோறும் சம்பளம் பெற்று, பிறந்த ஊரின் அருகிலேயே இருந்து வாழ்தல் அவருக்கு எளிதாயிருந்தது. அவ்வழியை அவர் நாடவில்லை. இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி மன்னர் அளித்த உதவித்தொகையைத் துணையாகக் கொண்டு, பி. ஏ. பயிலும் பொருட்டுச் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலைக்குச் சென்று சேர்ந்தார். பிற்காலத்தில், 1893-இல், சுவாமி விவேகாநந்தர் சிகாகோ நகருக்குச் செல்லத் துணைபுரிந்தோருள் ஒருவரும் இச்சேதுபதி மன்னரே என்பதை நாம் நினைத்தல் தகும்.

மதுரையினின்று சென்னைக்குச் செல்லுதல் இன்று ஓர் இரவுப் பயணம். அன்றும் புகைவண்டி இருந்தது. 1876-லேயே இருப்புப்பாதை மதுரையைக் கடந்து தூத்துக்குடியை எட்டிவிட்டது. எம் ஊர்ப் பக்கத்து மாணவர்க்கோ அவ்வசதி நெடுநாள் வாய்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வழியாக விருதுநகரைத் தென்காசியோடு இணைக்கும் பாதை 1927-இல்தான் திறக்கப்பட்டது. அதுகாறும் மாட்டுவண்டியே துணை. எனினும், தூரம் என்பது மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று. சாஸ்திரியார் கடந்த தூரம் பழக்கத்தின் தூரமாகும். தமிழ்ச் சங்கம் இருந்த ஊர் என்று புராணம் போற்றும் மதுரையை விட்டு, ஆங்கிலேயர் வாணிகத்தால் வளர்ந்த நகருக்கு அவர் சென்றார். தமக்குரிய சமயமும் ஆசாரமும் விடாது போற்றியவர், கிறிஸ்தவப் பாதிரியார் நடாத்தும் கலாசாலையில் அமர்ந்தார். தமிழை நன்கு கற்க விரும்பும் ஒருவன் மதுரையை விட்டுச் சென்னைக்குச் செல்லுதல், கங்கைக் கரையில் இருப்பவன் நீர் தேடி வெளியேறுதல் போலும் என்று சிலர்க்குத் தோன்றலாம். ஆயின், பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்குமிடத்து, அங்ஙனம் வெளியேறிய காரணத்தாலேயே தம் மொழியில் இல்லாதது யாது என்பதை அவர் கண்டார் என்பது புலனாகும்.

சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலை 1937-இல்தான் தாம்பரத்துக்குச் சென்றது. சாஸ்திரியார் காலத்தில் அது ஹைகோர்ட்டுக்கு எதிரே, நகரின் ஆரவாரத்தின் நடுவே இருந்தது. அதன் தலைவர் டாக்டர் வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்து நாட்டினரான அவர் 1862-இல் இந்நாடு போந்து, 1877 முதல் 1907 வரை அக்கலாசாலைக்குத் தலைமை தாங்கினார். அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் பயிற்றுவிப்பதில் தனிச் சுவையுடையவர். லியர் அரசன், மாக்பெத், ஒதெல்லோ, ஹாம்லெட் ஆகிய நான்கு நாடகங்களைப் பற்றியும் நூல்கள் எழுதியவர். லியர் நாடகத்தை இந்திய அரசியலோடு பொருத்தி அவர் எழுதிய நூல் 1900-இல் வெளிவந்தது. ஒரு நாடகம் வெறும் பொழுதுபோக்கன்று. மனிதனின் தீய ஆசை அவனை எங்ஙனம் அழிக்கின்றது, மன்னன் ஒருவனின் பேதைமை நாட்டை எங்ஙனம் குலைக்கின்றது என்பவற்றை ஆராய்வதற்கு அது ஒரு கண்ணாடி என்பதே மில்லரின் கொள்கை. அக்கலாசாலையில் நாடகத்துக்கெனத் தனி வகுப்பு இல்லை. அரங்கப் பயிற்சியும் இல்லை. எனினும், நாடகம் கற்றோர் கருத்தூன்றிப் பயிலத்தக்கதொரு கலை என்னும் பேருண்மையை அங்கே ஒரு மாணவன் பெறலாகும். நம் சாஸ்திரியார் பெற்றதும் அதுவே.

அவர் மாணவராயிருந்த காலத்து நிகழ்ச்சியொன்றைப் பலரும் எடுத்துரைப்பர். மில்லர் ஒரு நாள் டெனிஸன் இயற்றிய ஆர்தர் மன்னனின் கதையைப் பாடஞ்சொல்லுகையில், காயமுற்ற மன்னனைத் தாங்கிச் செல்லும் ஓடம் அன்னம் போல நீரில் நகர்ந்ததாகப் புலவர் கூறும் உவமையை வியந்து, இத்தகைய உவமை தமிழில் உண்டோ என்று மாணவரை வினவினார். அப்போது சாஸ்திரியார் எழுந்து, குகன் செலுத்திய ஓடத்தைக் கம்பர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே அன்னத்தின் நடைக்கு ஒப்பிட்டதை எடுத்துக் காட்டினார் என்ப. மில்லர் மகிழ்ந்தார். இதனைத் தமிழின் வெற்றியாக மட்டும் கூறி முடித்துவிடுதல் நம்மவர் வழக்கம். ஆயின் யாம் இதில் காண்பது பிறிதொன்று. கவிதையில் மேனாட்டார் காட்டியதற்கு ஈடாகக் கம்பரை எடுத்துக் காட்ட முடிந்தது. நாடகத்தில் ஷேக்ஸ்பியருக்கு ஈடாக எதனை எடுத்துக் காட்டுவது? இவ்வினாவுக்கு விடை கூற அன்று தமிழ் மாணவர் எவராலும் எளிதில் இயலாது. அவர் பின்னர் இயற்றிய நூல்கள் யாவும் அவ்வினாவுக்கு அவர் இறுத்த விடையாகவே எமக்குத் தோன்றுகின்றன.

காலமும் அவருக்குத் துணையாக வாய்த்தது. திருவனந்தபுரத்துப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை இயற்றிய மனோன்மணீயம் என்னும் செய்யுள் நாடகம் 1891-இல் வெளிவந்தது. அதே ஆண்டில், பல்லாரி கிருஷ்ணமாச்சாரியார் குழுவினர் சென்னையில் நடித்த தெலுங்கு நாடகங்களைக் கண்டு கிளர்ச்சியுற்ற பம்மல் சம்பந்த முதலியார், நண்பர் சிலரோடு சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். அடுத்த ஆண்டாகிய 1892-இல் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்து வெளியிட்டார். அவ்வுரையில் பரதம், அகத்தியம், முறுவல், சயந்தம், செயிற்றியம், குணநூல், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் முதலிய பழைய நூல்களின் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுட் சில தம் காலத்துக்கு முன்னரே இறந்துபட்டன என்று உரையாசிரியரே இரங்குகின்றார். ஆகவே, தமிழில் நாடக இலக்கணம் என்றும் இருந்ததில்லை என்பது பொய். இருந்து மறைந்தது என்பதே மெய் என்பது அவ்வாண்டில் கற்றோர் கைக்கு எட்டியது. அதே 1892-இல் சாஸ்திரியார் தமிழிலும் தத்துவ நூலிலும் சென்னைச் சர்வகலாசாலையிலேயே முதல்வராகப் பி. ஏ. தேர்ச்சி பெற்று, சேதுபதி மன்னர் பெயரால் அமைந்த பொற்பதக்கத்தையும் அடைந்தார்.

இனி அவர் வாழ்க்கையின் இரண்டாவது திருப்பத்தைக் கூறுவோம். தம் மாணவரின் அறிவாற்றலை நன்குணர்ந்த மில்லர், தத்துவ ஆசிரியர் பதவியை அவருக்கு அளிக்க முன்வந்தார். அக்காலக் கலாசாலைகளில் ஆங்கிலமும் தத்துவமும் கணிதமும் கற்பிப்போரே பேராசிரியர் என மதிக்கப்பட்டனர். தமிழ் கற்பிப்போர் பண்டிதர், முன்ஷி என்னும் பெயரோடு குறைந்த ஊதியம் பெற்று, பாட நேரத்தில் வந்து போவோராக இருந்தனர். மாணவர் அவர்களைப் பரிகசித்தலும் உண்டு. இருவகைப் பதவிக்கும் தகுதியுடைய ஒருவர் தமிழாசிரியர் பதவியை விரும்பிக் கேட்டல் அன்று எவரும் எதிர்பாராத செயல். சாஸ்திரியார் அதனையே கேட்டார். 1893-இல் தாம் பயின்ற கலாசாலையிலேயே தமிழாசிரியராக அமர்ந்தார். பட்டம் பெற்ற ஒருவர், ஆங்கிலப் பேராசிரியரோடு ஆங்கிலத்திலும் வடமொழிப் புலவரோடு வடமொழியிலும் உரையாட வல்ல ஒருவர், தமிழ் வகுப்புக்குட் புகுந்தமையால் அவ்வகுப்பின் மதிப்பே உயர்ந்தது. வகுப்பு நேரத்தோடு அமையாது, ஆர்வமுடைய மாணவரைத் தம் இல்லத்துக்கும் அழைத்துப் பழந்தமிழ் நூல்களைப் பாடஞ்சொன்னார். அவர்களை இயற்றமிழ் மாணவர் என்று பெயரிட்டு அன்போடு போற்றினார். கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம் பிள்ளை இவர் புலமையை வியந்து திராவிட சாஸ்திரி என்னும் பட்டத்தை வழங்கினார்.

இவ்வாறு இயற்றமிழில் பெயர் பெற்றவர், அதனோடு நின்றிருந்தால் அவரை எவரும் குறை கூறார். ஆயின் அவர் மூன்றாவது துணிவொன்றும் கொண்டார். அது நாடகத்தை மேற்கொண்டமை. அக்காலத்தில் கற்றறிந்தோர் கூத்தாடுவோரைத் தம் திண்ணையில் அமரவிடவும் தயங்கினர். நாடகம் என்றால் இரவுக்கூத்து. நடிகன் என்றால் ஒழுக்கத்தில் தளர்ந்தவன் என்பதே பொதுக்கருத்து. இதற்குச் சான்றாக, சமண பௌத்த நூல்களும் அறநூல்கள் சிலவும் கூத்தைக் கடிந்திருப்பதைப் பண்டிதர் எடுத்துக் காட்டுவர். இக்கருத்தை மாற்ற இரு வழிகள் உள. ஒன்று, நாடகத்தின் இலக்கணத்தை முறைப்பட வகுத்து, அஃது ஒரு சாத்திரம் என்று காட்டுதல். மற்றொன்று, அவ்விலக்கணத்துக்கு இலக்கியம் இயற்றி, நடித்தும் காட்டுதல். சாஸ்திரியார் இரண்டனையும் செய்தார்.

அவர் இயற்றிய நாடகவியல் என்னும் நூல் 1897-இல் வெளிவந்தது. அஃது உரைநடை நூலன்று. தொல்காப்பியம், நன்னூல் போலச் செய்யுளால் அமைந்த இலக்கண நூல். நாடகத்தின் இயல்பு, கதைப் பொருள், அதன் பகுப்பு, பாத்திரங்களின் தன்மை, சுவைகள், நடிப்பு ஆகியவற்றை அது முறையே எடுத்து விளக்குகின்றது. வடமொழி நாடக நூலார் கொள்கைகளையும், ஷேக்ஸ்பியர் முதலிய ஆங்கில நாடகாசிரியர் வழக்கங்களையும், அடியார்க்கு நல்லார் உரையிற் கிடைத்த பழந்தமிழ்க் குறிப்புகளையும் ஒருங்கு வைத்து நோக்கி, தமிழுக்கு ஏற்றவற்றை அவர் தெரிந்தெடுத்தார். விளாச்சேரியில் தந்தையாரிடம் பெற்ற வடமொழியும், மதுரையில் சபாபதியாரிடம் பெற்ற தமிழும், பசுமலையில் தொடங்கிச் சென்னையில் முதிர்ந்த ஆங்கிலமும் ஒருநூலில் வந்து கூடிய இடம் அது. மூன்றனுள் ஒன்று குறைந்திருப்பினும் அந்நூல் தோன்றியிராது. மனோன்மணீய ஆசிரியர் சுந்தரம் பிள்ளை மறைந்ததும் அவ்வாண்டிலேயே என்பது, ஒருவர் கைவிட்ட விளக்கை மற்றொருவர் ஏந்தியது போன்று நமக்குத் தோன்றுகின்றது.

இலக்கியமாக அவர் இயற்றியவை ரூபாவதி, கலாவதி, மானவிஜயம் என்னும் நாடகங்கள். இவற்றுள் மானவிஜயம் 1902-இல் வெளிவந்த செய்யுள் நாடகம். அதன் கதை சங்க காலத்தது. சோழன் செங்கணானோடு பொருது தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்காலிரும்பொறை, நீர் வேட்கையால் தண்ணீர் கேட்டான். காவலர் காலந்தாழ்த்து, மதிப்பின்றிக் கொணர்ந்தனர். மானமிழந்து பெற்ற நீரைப் பருகாது அம்மன்னன் உயிர் துறந்தான் என்பது புறநானூற்றால் அறியப்படும் செய்தி. அவனை மீட்பதற்காகப் பொய்கையார் களவழி நாற்பது பாடினார் என்பதும் மரபு. இக்கதையைச் சாஸ்திரியார் தேர்ந்தெடுத்ததில் ஒரு கருத்துண்டு. வடமொழி நாடக மரபு நாடகம் மங்கலமாக முடிதல் வேண்டும் என்று விதிப்பது. மில்லரிடம் பயின்ற ஷேக்ஸ்பியர் நாடகங்களோ, உயர்ந்தோன் ஒருவனின் வீழ்ச்சியைக் காட்டி நம் நெஞ்சை உருக்குபவை. துன்ப முடிவை மேனாட்டிலிருந்து கடன் வாங்காமல், புறநானூற்றுக்குள்ளேயே அதற்குரிய விதை கிடத்தலைக் கண்டெடுத்து அவர் நாடகமாக்கினார். பிறமொழியில் கற்றதைத் தம் மொழியிற் பயன்படுத்தும் நெறி இது என்பதை நம் மாணவர் கருதிப் பார்ப்பாராக. மேலும், அவர் நாடகங்களை எழுதியதோடு அமையாது தாமே அரங்கேறி நடித்தும் உள்ளார். கலாசாலைத் தமிழாசிரியர் ஒருவர் முகத்தில் அரிதாரம் பூசி மேடையில் நிற்றல் 1890-களில் எத்துணைத் துணிவுக்குரியது என்பதை நாம் ஊகித்தறியலாம்.

நிற்க. பெரியோரைப் போற்றுங்கால் குறையை மறைத்தல் அவர்க்குச் செய்யும் சிறப்பாகாது. சாஸ்திரியாரின் நாடகங்கள் அரங்கில் நிலைபெறவில்லை என்பது உண்மை. அவற்றின் நடை கடினமானது. பாத்திரங்கள் பேசும் தமிழ் நூற்றமிழ். படித்து மகிழ்வோர்க்கு அவை விருந்து. இரவில் திறந்தவெளியில் மண்ணில் அமர்ந்து காணும் மக்களுக்கோ எட்டாக் கனி. அதே காலத்தில் தூத்துக்குடிக்கு அருகில் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், கலாசாலை எதனையும் மிதியாமல், நாடகக் குழுக்களோடு ஊரூராகத் திரிந்து, பாட்டும் வசனமும் கலந்த நாடகங்களை எழுதி, நடிகர்க்குக் கற்பித்து வந்தார். அவர் 1918-இல் மதுரையில் தோற்றுவித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையிற் பயின்ற சிறுவரே பின்னர் டி. கே. எஸ். சகோதரர் எனப் புகழ்பெற்றனர். சென்னைச் சபையில் நடித்த பம்மல் சம்பந்த முதலியாரோ, பேச்சு நடைக்கு அணித்தான உரைநடையில் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட நாடகங்களை எழுதினார். மக்களைக் கவர்ந்தவர் இவ்விருவருமே. நாடகவியல் வகுத்த இலக்கணம் சுவாமிகளின் கொட்டகைக்கு எட்டவில்லை. கொட்டகையின் அனுபவமும் கலாசாலைக்குள் வரவில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று காணாது கடந்து போனமையே தமிழ் நாடகத்துக்கு நேர்ந்த பேரிழப்பென்று யாம் கருதுகின்றோம். சாஸ்திரியார் முதுமை எய்தியிருப்பாராயின் அவ்விடைவெளி குறைந்திருத்தல் கூடும். அதற்குரிய ஆயுளை அவர் பெற்றிலர்.

நாடகத்தோடு அவர் பணி முடிந்ததன்று. ஆங்கிலப் பேராசிரியராயிருந்த மு. சி. பூர்ணலிங்கம் பிள்ளையோடு சேர்ந்து 1897 முதல் ஞானபோதினி என்னும் மாதப் பத்திரிகையை வளர்த்தார். மதிவாணன் என்னும் நாவலை இயற்றினார். ஆங்கிலத்தில் பதினான்கு அடிகளால் அமையும் செய்யுள் வகையைத் தழுவித் தமிழில் பாடிய பாக்களைத் தனிப்பாசுரத் தொகை என்னும் பெயரால் வெளியிட்டார். அந்நூலில் தம் இயற்பெயரைத் தமிழாக்கி, சூரியன் என்பதைப் பரிதி எனவும், நாராயணன் என்பதை மால் எனவும், சாஸ்திரி என்பதைக் கலைஞன் எனவும் கொண்டு, பரிதிமாற் கலைஞன் என்னும் புனைபெயரைப் பூண்டார். ஆசிரியரின் பெயரை நோக்கிப் புகழாமலும் இகழாமலும், நூலின் தகுதியை நோக்கியே கற்றோர் மதிப்பிடுதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். அப்பாக்களைப் போப் ஐயர் ஆங்கிலத்திற் பெயர்த்தார். தமிழ் மொழியின் வரலாறு என்னும் ஆராய்ச்சி நூல் 1903-இல் வெளிவந்தது.

1902-ஆம் ஆண்டில், சென்னைச் சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தினின்று தமிழை விலக்கும் எண்ணமொன்று எழுந்தது. அது நிறைவேறியிருக்குமாயின், விளாச்சேரியிலிருந்தோ சோழபுரத்திலிருந்தோ வரும் மாணவன் ஒருவன் தன் தாய்மொழியில் ஓர் எழுத்தும் பயிலாமலே பட்டதாரியாகிச் செல்லும் நிலை ஏற்பட்டிருக்கும். சாஸ்திரியாரும் பூர்ணலிங்கம் பிள்ளையும் இதனை எதிர்த்து முன்னின்று உழைத்தனர், கற்றோரைக் கண்டு பேசினர், எழுதினர். அம்முயற்சி கைவிடப்பட்டது. தமிழ் வட்டார மொழிகளுள் ஒன்றன்று. வடமொழி, கிரேக்கம், இலத்தீன் போல உயர்தனிச் செம்மொழியாகும் என்று காரணங்காட்டி அவர் நிறுவியதும் இக்காலத்திலேயாம். 1901-இல் பாண்டித்துரைத் தேவர் தோற்றுவித்த மதுரைத் தமிழ்ச் சங்கத்தோடும் அவர் தொடர்பு கொண்டிருந்தார். மதுரையை விட்டுச் சென்றவர் மதுரைக்குக் கொடையோடு மீண்டதாக இதனைக் கொள்ளலாம்.

ஆயின், ஓய்வறியா உழைப்பால் தளர்ந்த உடலை என்புருக்கி நோய் பற்றியது. அந்நோயைத் தீர்க்கும் மருந்து அந்நாளில் உலகில் எங்கும் இல்லை. 1903-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2-ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 33. ஆசிரியராக அவர் பணியாற்றியது ஏறக்குறையப் பத்து ஆண்டுகளே. தம் மாணவரும் உடனாசிரியருமாயிருந்தவரை இழந்து, முதியவராகிய மில்லர் பெரிதும் வருந்தினார். அவரைச் சென்னைக்கு அனுப்பத் துணைநின்ற பாஸ்கர சேதுபதி மன்னரும் அவ்வாண்டு டிசம்பர் மாதத்திலேயே காலமானார்.

அவர் விதைத்தவை மெல்லவே முளைத்தன. அவர் நிறுவிய செம்மொழிக் கொள்கையை இந்திய அரசாங்கம் 2004-இல் ஏற்று அறிவித்தது. அவர் நூல்களைத் தமிழ்நாட்டரசு நாட்டுடைமையாக்கிற்று. 2007-இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையும் வெளியாயிற்று. விளாச்சேரி இல்லம் நினைவில்லமாக்கப்பட்டது. நாடகக் கல்வியைப் பொறுத்தமட்டில், தேசிய நாடகப் பள்ளி 1959-இல் தோன்றிற்று. 1981-இல் நிறுவப்பெற்ற தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நாடகத்துக்கெனத் தனித் துறை அமைத்தது. புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளி சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரைத் தாங்கியுள்ளது. கொட்டகையாசிரியரின் பெயர் பல்கலைக்கழக வாயிலில் பொறிக்கப்பட்டதை எண்ணுங்கால், கலாசாலையும் கூத்துமேடையும் காலந்தாழ்த்தேனும் ஒன்றையொன்று கண்டுகொண்டன என்று நாம் மகிழலாம்.

மாணவ அன்பர்களே! நுங்களுள் சிலர் ஊரை விட்டு இங்கு வந்தவர். சிலர் இக்கலாசாலையை விட்டு வேறிடம் செல்ல எண்ணுபவர். செல்லுதல் குற்றமன்று. பெற்றோர்க்கு அச்சமூட்டும் ஒரு கலையை விரும்புதலும் குற்றமன்று. ஆயின், செல்லுமிடத்தில் கற்பதைக் கொண்டு நும் ஊருக்கும் மொழிக்கும் குறையாயிருப்பது யாது என்று காணுதல் வேண்டும். கண்டதை நிரப்ப உழைத்தலும் வேண்டும். சாஸ்திரியார் இவ்விரண்டனையும் செய்தார். அவர் செய்யாது விட்டது ஒன்றுண்டு. அஃது அரங்கின்முன் மண்ணில் அமர்ந்திருக்கும் எளியோர்க்கும் விளங்கும் தமிழில் நாடகம் அமைத்தல். அரையர் சேவையையும் ஊர்த் திருவிழா நாடகத்தையும் கண்டு வளர்ந்து, ஷேக்ஸ்பியரையும் சிலப்பதிகாரத்தையும் கலாசாலையிற் கற்கும் எம் பக்கத்து இளைஞர்க்கு அப்பணி உரியதாகும். அதனை மேற்கொள்வார் நுங்களிடையே தோன்றுவாராக.